கலெக்டரின் வலது முன்கால்

மார்ச் 12, புதன்

கலெக்டருக்கு நான்கு காலுக்கும் புது லாடம். முன்குளம்பு அகலம் நாலேமுக்கால் அங்குலம், பின்குளம்பு நாலரை. காலுக்கு ஆறு ஆணி, வெளிப்பக்கம் மூன்று, உட்பக்கம் மூன்று. குளம்பு நல்ல கெட்டி, வெடிப்பு கிடையாது.

எனக்குப் பிறகு இந்த டைரியை வேறு லாடக்காரன் எவனாவது புரட்டினால் குழம்பக்கூடாது, அதனால் எழுதி வைக்கிறேன். கலெக்டர் என்பது ஒரு செம்பழுப்பு நிறப் பெண் குதிரை. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு நடக்கிறாள். சொந்தக்காரன் என் மனைவி ஜெசிந்தாவின் தம்பி வியாகுலம். ரோட்டில் எதைக் கண்டாலும் நின்று பார்வையிட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள் என்பதால் அந்தப் பெயரை வைத்தான். அவள் கிடக்கட்டும், வைத்தவனும் அப்படித்தான்.

மூஞ்சிக்கல்லில் என் வெல்டிங் பட்டறை வாசலில் வேலை நடந்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் செல்போனில் படம் எடுத்தாள். குதிரைக்கு வலிக்காதா என்று கேட்டாள். "குளம்போட வெளிச்சுவரு நம்ம நகம் மாதிரிம்மா. உள்ள சதை. ரெண்டுக்கும் நடுவுல வெள்ளையா ஒரு கோடு இருக்கு பாருங்க. அதுக்கு வெளிய அடிக்கிறவன் லாடக்காரன், உள்ள அடிக்கிறவன் கசாப்புக்காரன்" என்றேன். அந்தப் பெண் ரொம்ப ரசித்துச் சிரித்தாள்.

வலது முன்காலில் ஐந்தாவது ஆணிக்குக் கலெக்டர் காலை உதறினாள். செல்போனைக் கண்டு மிரண்டிருப்பாள். "நில்லுடி கழுதை" என்று ஒரு அதட்டுப் போட்டேன். ஆணி முனை மற்றவற்றைவிட ஒரு மூன்று நூல், கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் கூடவே, மேலேறி வெளியே வந்தது. மடக்கி அரம் போட்டுவிட்டேன். பரவாயில்லை.

மார்ச் 13, வியாழன்

ஹோட்டல் கேட்டுக்குக் கீல் வைத்தேன். வெல்டிங் ராடு தீர்ந்துபோனது. ஜெசிந்தா உருளைக்கிழங்கு வாங்கி வரச் சொன்னாள், மறந்துவிட்டேன். இரவு ரசம் மட்டும்.

மார்ச் 15, சனி

காலையிலேயே வியாகுலம் மூச்சிரைக்க வந்தான். "மச்சான், கலெக்டரு நொண்டுறா."

போய்ப் பார்த்தேன். வலது முன்கால். குளம்பு தொட்டால் சூடு.

"வியாழக்கிழம ஒருத்தரு நல்ல ஆகிருதி மச்சான். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வேகமாப் போப்பான்னாரு. அப்சர்வேட்டரி ரோட்டுல ஜல்லி கொட்டிக் கெடந்துச்சு. நானும் அதுக்கு மேல ஓட்டிட்டேன். ஒரு தடவ காலு மடங்குச்சு. அப்பவே எறங்கிப் பாத்திருக்கணும்."

அவன் முடிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "அப்ப கல்லுதான் குத்தியிருக்கும்" என்றேன்.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். இந்தப் பயல் சின்ன வயதில் கோழி செத்தாலே இரண்டு நாள் சாப்பிட மாட்டானாம். ஜெசிந்தா சொல்வாள்.

மார்ச் 16, ஞாயிறு

அந்த லாடத்தைக் கழற்றினேன். ஐந்தாவது ஆணி ஈரமாகவும் கறுப்பாகவும் வந்தது. நேற்று மழை பெய்ததல்லவா.

வியாகுலம் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்றிருந்தான். ஆணியைச் செருப்பால் மண்ணுக்குள் அழுத்திவிட்டு, ஓட்டையில் டிஞ்சர் ஊற்றினேன். கல் குத்திய காலுக்கு அடிப்பாதத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று, பட்டை அகலமான லாடம் ஒன்று செய்து, லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே எருமைத்தோல் வைத்து அடித்தேன். தோலைக் குளம்பின் அளவுக்கு அச்சாக வெட்டியிருந்தேன். பார்க்க ரொம்ப அழகாக வந்தது. இந்த ஊரில் வேறு யாரும் இப்படிச் செய்ய முடியாது.

வியாகுலம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க இல்லன்னா நான் என்ன செய்வேன் மச்சான்."

மார்ச் 18, செவ்வாய்

அந்தச் சென்னைப் பெண் வீடியோவைப் போட்டிருக்கிறாள். எட்டாயிரம் பேர் பார்த்தார்களாம். வியாகுலம் ஏரிக்கரையில் குதிரைக்காரர்கள் ஒருவர் விடாமல் பிடித்து நிறுத்திக் காட்டியிருக்கிறான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவுக்கு ஆறு தடவை போட்டான். "கசாப்புக்காரன்னு சொல்றாரு பாரு அக்கா, அங்கதான் மச்சான் நிக்கிறாரு!"

முதல் நான்கு ஆணியும் கணீர் கணீர் என்று இறங்குகின்றன. ஐந்தாவது அமுங்கிக் கேட்கிறது. மற்றவர்களுக்கு எல்லாமே சுத்தியல் சத்தம்தான். செல்போன் மைக்கில் ஏதோ கோளாறு.

ஏழாவது தடவை போடும்போது தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

மார்ச் 21, வெள்ளி

கால் கீழே ஊன்றவில்லை. குளம்புக்கு மேலே, முடி ஆரம்பிக்கும் இடத்தில் உடைந்து சீழ் வடிகிறது. உள்பக்கம், ஐந்தாவது ஆணிக்கு நேர் மேலே.

கீழே தோல் வைத்து அடைத்தால் சீழ் மேலேதான் வழி தேடும். எனக்குத் தெரியாததல்ல.

மார்ச் 22, சனி

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா மெஹருன்னிசா வந்தார். ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, லாடத்தையும் எருமைத்தோலையும் கழற்றி எடுத்தார். நாற்றத்தில் வியாகுலம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உட்பக்கச் சுவரில் மேலிருந்து கீழே வரை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்தார். நான் டார்ச் பிடித்தேன்.

வெட்டி முடித்துவிட்டுக் குனிந்த வாக்கிலேயே கேட்டார். "சவரிராஜ், இது கல்லு குத்துனதா, ஆணி பட்டதா?"

நான் வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். அதற்குள் வியாகுலம், "கல்லுதான் டாக்டரம்மா. நான்தான் பாவி, ஜல்லியில ஓட்டுனேன். எங்க மச்சான் கையில ஆணி தப்பாது" என்றான்.

டாக்டரம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "காலு தப்பிச்சிரும். ஆனா உள்பக்கம் ஆணி எறங்க எடமில்ல. மூணு வாரம் காயட்டும். அதுக்கப்புறம் சாதா லாடம் அடிச்சா நடக்க மாட்டா. தோதா ஒண்ண நீங்கதான் யோசிச்சுச் செய்யணும்."

செய்கிறேன் என்றேன்.

மார்ச் 24, திங்கள்

காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வாளியில் காலை வைத்து நிற்க வைக்க வேண்டும். வியாகுலம் கேட்டால் உடனே காலைத் தூக்கித் தருகிறாள். நான் கேட்டால் தருவதில்லை. கேரட் கொடுத்தேன். கேரட்டைத் தின்றுவிட்டு, காலைத் தராமல் ஏரியைப் பார்வையிட்டாள்.

"உங்களக் கண்டா மட்டும் ஏன் மச்சான் இப்படிப் பண்றா?" என்றான் வியாகுலம்.

"பொம்பளைங்க குணம்" என்றேன். ஜெசிந்தா அங்கே இருந்தாள். அதற்கு வேறு தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 29, சனி

புண் காய்கிறது. இன்று இடது முன்காலைத்தான் அதிக நேரம் பார்த்தேன். பார்ப்பவர்களெல்லாம் புண் இருக்கும் காலையே பார்ப்பார்கள். கெட்ட காலின் பாரத்தையும் சேர்த்து நல்ல கால்தான் நாள் முழுக்கச் சுமக்கிறது. ஒரு குற்றமும் செய்யாத கால். கவனிக்காமல் விட்டால் முதலில் விழுவது அதுதான். அதற்கு நுனி மழுங்கலாக, குதிகால் பக்கம் நீளம் கூட்டி ஒரு லாடம் செய்து அடித்தேன். அந்தக் காலை எனக்குத் தந்தாள்.

வியாகுலம் இளைத்துவிட்டான். பேசுவதைக் குறைத்துவிட்டான். ஏரிக்கரையில் மற்ற குதிரைக்காரர்களோடு உட்காருவதில்லையாம்.

ஏப்ரல் 2, புதன்

வலதுகால் லாடத்துக்கு அச்சு எடுத்தேன். ஜெசிந்தாவின் சித்தி மகள் கல்யாணப் பத்திரிகை நல்ல தடிமன் அட்டை. அதில் குளம்பை வைத்து வரைந்து வெட்டினேன். பெண் வீட்டார் பெயர் முழுக்கக் குதிகால் பக்கம் போய்விட்டது. "எங்க ஆளுகளக் கண்டா உங்களுக்கு எப்பவும் இளக்காரம்தான்" என்றாள் ஜெசிந்தா.

யோசனை இப்படி: லாடம் பின்பக்கம் திறந்திருக்கக்கூடாது. ஒரு பட்டையால் மூடி முழு வளையமாக்க வேண்டும். அந்தப் பட்டையிலிருந்து முன்னால் ஒரு நாக்கு. குளம்பின் அடியில் நடுவே ரப்பர் மாதிரி ஒரு முக்கோணம் இருக்கிறதே, அதன் மேல் நாக்கு படிய வேண்டும். வெட்டுப்பட்ட சுவரில் பாரம் விழாமல் அந்த முக்கோணம் கொஞ்சம், வெளிச்சுவர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். உட்பக்கம் ஆணியே கிடையாது. அங்கே இரண்டு காது மட்டும் மேலே மடங்கிச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கத்தில் நான்கு ஆணி.

ஏப்ரல் 3, வியாழன்

முதல் லாடம் அரிவாள் கனம். தூர எறிந்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இரண்டாவது லாடத்தைத் துணிநாடாவால் கட்டி நடக்கவிட்டுப் பார்த்தோம். நான்கு அடி வைத்தாள், ஐந்தாவதில் தூக்கிக்கொண்டாள். நாக்கு ஒரு நூல் நீளம், குத்துகிறது. ஒரு நூலுக்கு இத்தனை வலி.

வியாகுலம்தான் காலைப் பிடித்தான். எனக்கு இன்னும் தரமாட்டேன் என்கிறாள்.

ஏப்ரல் 5, சனி

ஜெசிந்தா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். "பெரிய வியாழன் நெருங்குது. இந்த வருசம் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலயா?"

லாட வேலை இருக்கிறது என்றேன்.

"லாடத்துல என்ன பாவம், அத முடிச்சிட்டுப் போங்க" என்றாள். மீன் குழம்பில் புளி தூக்கல்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூன்றாவது லாடம் சரியாக உட்கார்ந்தது. நாடா கட்டிய காலோடு கொட்டகையை இரண்டு சுற்று வந்தாள், நடுவில் நின்று தீவனத் தொட்டியைப் பார்வையிட்டாள். எனக்குக் கத்த வேண்டும் போல் சந்தோஷம். வியாகுலத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். கீழ வத்தலக்குண்டுல ஒருத்தர் கேட்டாரு. கலெக்டரக் குடுத்துறலாம்னு இருக்கேன். திங்கக்கிழம வாராரு."

"எதுக்குடா? அதான் நடக்குறாளே!"

"நடக்குறா. நீங்க நடக்க வச்சீங்க. மறுபடியும் கெடுக்குறதுக்கு நான் இருக்கேன்ல. ஒருத்தரு அவசரம்னு சொன்னதும் வாயில்லாத சீவன ஜல்லியில ஓட்டுனவன் நான். குதிர பிடிக்கிற யோக்கியத எனக்கு இல்ல மச்சான். ஒரு லாட்ஜுல வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

கீழே வெயிலில், தார் ரோட்டில், அவளை வண்டியில் பூட்டுவார்கள். அவனுக்கும் அது தெரியும். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பொருட்களை எடுத்துப் பையில் போட்டேன். சுத்தியலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், இப்போதுதான் கவனித்தேன்.

ஏப்ரல் 9, புதன்

பட்டறை திறக்கவில்லை. ஜெசிந்தாவிடம் இடுப்பு வலி என்று சொன்னேன். தைலம் தேய்த்துவிட்டாள். தேய்க்கத் தேய்க்க வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

மத்தியானம் கொட்டகைக்குப் போனேன். வியாகுலம் அவள் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தான். கொடுத்துவிடப் போகிற குதிரைக்கு அத்தனை அலங்காரம்.

"மாப்ள, அந்த வீடியோவப் போடு."

"இப்ப எதுக்கு மச்சான்?"

"போடு. போட்டுட்டு கண்ண மூடிக்க. ஆணிய மட்டும் எண்ணு."

போட்டான். "எதாச்சும் வித்தியாசம் கேட்டுச்சா?" என்றேன். இல்லை என்றான். மறுபடியும் போடச் சொன்னேன். மூன்றாவது தடவையில் கண்ணைத் திறந்தான்.

"அஞ்சாவது அமுங்கிக் கேக்குது."

"நல்ல சுவருல எறங்குனா கணீர்னு கேக்கும். சதையில எறங்குனா அப்படித்தான் கேக்கும்."

அவன் செல்போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கல்லு இல்லடா மாப்ள. நான்தான். எனக்கு அன்னைக்கே கேட்டுச்சு. அந்த நிமிசமே உருவி மருந்து ஊத்தியிருந்தா ரெண்டு நாள்ல சரியாயிருப்பா. அந்தப் பொண்ணு படம் எடுத்துக்கிட்டு இருந்துச்சு. அடிச்ச ஆணிய உருவுனா அசிங்கமாப் போயிரும்னு விட்டுட்டேன். அப்புறம் தோல வேற வச்சு அடச்சேன்."

கத்துவான் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நாலு வாரமா நான் கல்லு கல்லுன்னு சொல்லி அழுதேனே, அப்ப நீங்க என்ன நெனச்சீங்க?"

பொய் சொல்லத் தெம்பு இல்லை. "தப்பிச்சோம்னு நெனச்சேன்" என்றேன்.

சீப்பை ஆணியில் மாட்டினான். அவளுக்குத் தண்ணீர் வைத்தான். நான் அங்கே இல்லாத மாதிரி எல்லாம் செய்துவிட்டு வெளியே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவிடம் சொன்னேன். "அவன் அந்த வீடியோவப் போடுறப்பல்லாம் நீங்க எந்திரிச்சுப் போவீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். சோறு போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

வியாகுலம் கோயிலில் எங்கள் வரிசைக்கு வரவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வத்தலக்குண்டுக்காரர் வந்தாராம். குதிரை கொடுப்பதற்கில்லை என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டானாம். ஜெசிந்தா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

போகட்டும். கலெக்டர் இங்கேயே இருக்கிறாள். எனக்கு அது போதும் என்று எழுதப் பார்க்கிறேன். போதவில்லை. அந்தப் பயலின் சத்தம் இல்லாமல் பட்டறை பட்டறையாகவே இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மூன்றாவது லாடத்தின் காதுகளை இன்னொரு தடவை அரம் போட்டு வழவழப்பாக்கினேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

காலை பத்து மணிக்கு வியாகுலம் கலெக்டரை மெல்ல நடத்திக்கொண்டு பட்டறைக்கு வந்தான். "டாக்டரம்மா பாத்துட்டாங்க. அடிக்கலாம்னாங்க" என்றான். மச்சான் என்று சொல்லவில்லை.

வலது முன்காலைக் கேட்டேன். தரவில்லை. அவன் தோளில் தட்டியதும் தூக்கினாள். அவனுக்காகத்தான். வாங்கி என் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன். வெளிச்சுவரில் நான்கு இடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்து அவனுக்குக் காட்டினேன். வெள்ளைக் கோடு எங்கே ஓடுகிறது, ஆணி எந்தப் பக்கம் சாயும், எங்கே வெளியே வரும், எல்லாம் சொன்னேன். தலையாட்டினான்.

பத்தொன்பது வருஷமாக, இவள் நொண்ட ஆரம்பித்த பிறகு முகத்தைப் பிடிக்க நின்றதைத் தவிர, நான் லாடம் அடிக்கும்போது அவன் பக்கத்தில் நின்றது கிடையாது. கயிற்றைக் கட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவான். பொறுப்பில்லாத பயல் என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இன்று போகவில்லை. மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்து, குளம்புக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தான்.

"அடிங்க. நான் கேக்குறேன்."

இதைவிட அவன் என்னை நாலு அறை விட்டிருக்கலாம். ஆனால் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. அடித்தேன். கணீர். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இரண்டாவது ஆணியை முன்னைவிட மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி நிறுத்தி அடித்தேன். மூன்றாவது ஆணியை இரண்டு தடவை எடுத்து எடுத்து வைத்துச் சாய்வு பார்த்த பிறகுதான் அடித்தேன். அது அவனுக்குத் தெரிந்திருக்கும், அவன் முகம் என் கைக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. ஆணி ஒழுங்காகத்தான் இறங்கியது.

நான்காவது ஆணியை வாயிலிருந்து எடுத்தேன். வியாகுலம் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"எங்கடா போற?"

"டீ சொல்லிட்டு வாரேன். உங்களுக்குச் சீனி இல்லாமத்தான மச்சான்?"

"இன்னும் ஒரு ஆணி இருக்குடா."

"அடிங்க" என்றான். திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டில் இறங்கிப் போய்விட்டான்.

எனக்குக் கண் கலங்கி ஆணி இரண்டாகத் தெரிந்தது. கலங்கின கண்ணோடு ஆணி அடிக்கக்கூடாது. அதனால் அவள் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்த வாக்கில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். அவளைப் பிடித்துக்கொள்ள அவன் பக்கத்தில் இல்லை. கலெக்டர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துவிட்டு அடித்தேன். நல்ல சத்தமாகக் கேட்டது.

அவன் டீயோடு வந்தான். ஆணி எப்படி இறங்கியது என்று கேட்கவில்லை.